கீழே பார்க்காமல் நடந்தவள்

அந்தப் பாட்டை எழுதியவர் தாண்டுகல்லின் மேல் ஒருநாளும் கால் வைத்திருக்க மாட்டார் என்பது கல்லுக்காரரின் தீர்மானமான கருத்து. பாட்டில் ஒரு பெண் ஆற்றுக்குக் குறுக்கே கிடக்கும் கற்களின் மேல் ஓடி வருகிறாள். இக்கரையில் அவளுடைய ஆள் கையை விரித்துக்கொண்டு நிற்கிறான். "வா வா கல் தாண்டி, நான் காத்திருக்கும் கரை தாண்டி" என்று குழைகிறான்.

"ஓடுனா பல்லுதான் உடையும்," என்பார் கல்லுக்காரர். "பாசி புடிச்ச கல்லுல ஓடி வந்து கட்டிப் புடிக்கிறாளாம். நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போவா. அதுக்கும் வசதியா ஆஸ்பத்திரி அந்தக் கரையிலதான் இருக்கு."

இவ்வளவு பேசுகிறவரின் கைபேசியில் அழைப்பு வந்தால் ஒலிப்பதும் அதே பாட்டுதான். அவர் வைத்ததல்ல, கூட வேலை செய்யும் நெட்டையன் விளையாட்டாக வைத்துவிட்டது. மாற்றத் தெரியவில்லை என்று சொல்லிக்கொள்வார். மாற்றித் தரத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள், மனிதர் வாயைத் திறந்து கேட்டால்தானே. அவருக்குத் தினமும் போன் செய்கிற ஆள் உலகத்தில் ஒருத்திதான். ஆக, சாயங்காலம் தேநீர் குடிக்கும் நேரத்தில் சட்டைப்பை "வா வா" என்று உருகத் தொடங்கினால், கூப்பிடுவது அவர் மனைவி என்று அர்த்தம். அவள் வேறு ஊரில், மகள் வீட்டில் இருந்தாள்.

நகரசபையின் பொதுப்பணிப் பிரிவில் அவருக்கு வேலை. சாலை ஓரத்தில் கல் பதிப்பார், உடைந்த சாக்கடை மூடியை மாற்றுவார். அதோடு ஆற்றைக் கடக்கிற தாண்டுகற்களும் அவர் பொறுப்பு. இந்தக் கரையில் குடியிருப்புகள், அந்தக் கரையில் பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி. வண்டிகளுக்குத் தொலைவில் ஒரு பாலம் உண்டு. நடந்து போகிறவர்கள் அவ்வளவு தூரம் எங்கே சுற்றுவது? அவர்களுக்குக் கற்கள்தான். வெள்ளம் வந்து போனால் சில கற்கள் சாய்ந்துவிடும், சில உருண்டு போய்ப் பத்தடி தள்ளிக் குப்புறக் கிடக்கும். தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதும் மூன்று கம்பங்களை முக்காலியாகக் கட்டி, சங்கிலியில் கல்லைத் தூக்கி, அடியில் சரளை கொட்டி, ஆடாமல் உட்காரவைக்க வேண்டும். மேல்பக்கத்தை உளியால் கொத்திச் சொரசொரப்பாக்க வேண்டும். மற்ற நாட்களில் கம்பி பிரஷ்ஷால் பாசியைத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலைக்கு ஆற்றைத் தவிர வேறு மேலதிகாரி கிடையாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கு அந்தக் கரை ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை. படுக்கை விரிப்புகளை மடித்து இஸ்திரி போட வேண்டும். ஆள் குள்ளம், நடையும் அதற்கேற்ற குட்டை நடை. "அரையடி" என்று அவர் அவளைக் கேலி செய்வார். "நான் அரையடின்னா நீங்க என்ன அளவுகோலா?" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள். கேலி ஒருபக்கம் இருக்க, கற்கள் அப்போது பெரிய எட்டு வைக்கிற ஆண்களுக்காகப் போடப்பட்டவை. அவள் ஒவ்வொரு கல்லுக்கும் நின்று, மூச்சைப் பிடித்து, தாவ வேண்டியிருந்தது. ஒருநாள் தாவியது தவறித் தண்ணீரில் விழுந்தாள். சாப்பாட்டு டப்பா ஆற்றோடு போயிற்று. ஈரத் துணியோடு வேலைக்குப் போய், நாள் முழுக்கச் சூடான இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று காய்ந்துவிட்டு வந்தாள். வீட்டில் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாதம் சமையலறைத் தரைக்கு அவரே சிமெண்ட் பூசினார். "காயற வரைக்கும் யாரும் உள்ள போகக்கூடாது," என்று உத்தரவு போட்டுவிட்டுத்தான் குளிக்கப் போனார். அடுப்பில் பால் இருந்ததை இருவருமே மறந்திருந்தார்கள். பால் பொங்குகிற சத்தம் கேட்டதும் அவள் பாட்டுக்கு உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். ஈர சிமெண்டில் வரிசையாகக் கால் தடங்கள்.

"ஏய், தரையைப் பாருடி!"

"பாலை நீங்க குடிக்கப் போறீங்களா, தரையைக் குடிக்கப் போறீங்களா?"

பூச்சுக் கரண்டியை எடுத்துத் தடத்தை மூடப் போனவர், குனிந்தபடியே நின்றுவிட்டார். பிறகு வெளியே போய் ஒரு நீளக் குச்சியைச் சீவி எடுத்து வந்தார். ஒரு தடத்தின் குதிகாலிலிருந்து அடுத்த தடத்தின் குதிகால் வரைக்கும் வைத்துப் பார்த்து, கத்தியால் வெட்டுப் போட்டுக்கொண்டார். தடங்களை மூடவில்லை. தண்ணீர் இறங்கியதும், உருண்ட கற்களோடு உருளாத கற்களையும் பெயர்த்தார். குறைந்த இடத்துக்கு நகரசபை யார்டில் கிடந்த பழைய கற்களைக் கொண்டுவந்தார். முழு வரிசையையும் அந்தக் குச்சி அளவுக்குப் பதித்தார். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிக் காட்டுகிற பழக்கமே அவருக்குக் கிடையாது, நல்லதையும் சரி, கெட்டதையும் சரி.

அன்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தவள் பையை வைத்துவிட்டுச் சொன்னாள்: "இன்னைக்கு நான் கீழ பார்க்காம நடந்தேங்க."

அவ்வளவுதான். அவருடைய வாழ்நாளில் யாரும் அவரை அப்படிப் பாராட்டியதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ வெள்ளம் வந்தது. ஒவ்வொரு முறையும் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்த அந்தக் குச்சிதான் ஆற்றுக்குப் போகும். ஊரிலும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. நீளக் கால்காரர்கள் ஒரு கல்லை விட்டு ஒரு கல்லை மிதிப்பார்கள், அதில் கணக்குத் தப்பி இரண்டுக்கும் நடுவில் கால் விடுவார்கள். "யாருக்குய்யா இந்தக் கல்லு, கோழிக்குஞ்சுக்கா?" என்பான் நெட்டையன். "உன் காலைக் கொஞ்சம் வெட்டிக்கோ," என்பார் இவர். பொறியாளர்கள் வந்தார்கள், போனார்கள். கல் நெருக்கமாக இருக்கிறது, குப்பை அடைக்கிறது என்று ஆளுக்கு ஒருமுறை சொன்னார்கள். அவர்கள் சொன்னது தப்பும் அல்ல. வெள்ளத்தில் வரும் கிளைகளும் சருகும் அந்த நெருக்கத்தில் சிக்கி அணை கட்டியதுபோல் நிற்கும். அவருக்குத் தெரியாதா? கிளைகளை இழுத்துப் போட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

பிறகு அவர்கள் பாப்பா என்று கூப்பிடும் மகளுக்குப் பிரசவம் வந்தது. மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று அரையடி கிளம்பினாள். அவள் அப்போது ஆஸ்பத்திரி வேலையை விட்டிருந்தாள். காலை வெயிலில் அவர் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் போக, அவள் பின்னால் கல் மேல் கல்லாக நடந்து வந்து பேருந்து ஏறினாள். கைக்குழந்தை தவழ்ந்தது, நடந்தது. மகள் மறுபடி வேலைக்குப் போனாள். குழந்தையை யாரிடம் விடுவது? சரி, கொஞ்ச நாள். அதற்குள் இரண்டாவது. மாப்பிள்ளைக்கு வேலை வெளியூரில். இதில் யார் மேல் குற்றம் சொல்ல முடியும்? மகள் கெட்டவளா, மாப்பிள்ளை கெட்டவரா, தொட்டிலில் கிடக்கிற பையன் கெட்டவனா? ஒருவர் மேலும் கோபப்பட வழியில்லாமல் ஒரு மனிதன் தனியாகிவிட முடியும் என்பது கல்லுக்காரருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அங்கே போய் இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். போனார், ஒருமுறை. மகள் வீடு இரண்டு அறை. கூடத்தில் படுத்து, குழந்தை தூங்கும்போது இருமலை அடக்கிக்கொண்டு, நாலு நாள் இருந்துவிட்டு, வெள்ளம் வரும்போல இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வெள்ளம் வரவில்லை.

போனில் பேச்சு எப்போதும் ஒரே தடத்தில் போகும்.

"சாப்டீங்களா?"

"ம்."

"என்ன சாப்டீங்க?"

"சோறு."

"சோறுன்னு தெரியும். அதோட என்னன்னு கேட்டேன்."

"குழம்பு. பசங்க என்ன பண்றாங்க?"

பசங்களைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டே போவாள். 'வந்துடு' என்ற ஒரு சொல் அவர் தொண்டையில் வந்து நிற்கும். வெளியே வரும்போது அது "சிலிண்டர் வந்துச்சு" என்றோ "குழாய்ல தண்ணி சரியா வரலை" என்றோ மாறியிருக்கும். போனை வைத்த பிறகு சமையலறைக்குப் போவார். தரையில் அந்தத் தடங்கள் இருக்கும். இத்தனை வருஷத்தில் தேய்ந்தும் இன்னும் ஐந்து விரலும் தெரிந்தன. பாத்திரம் கழுவும்போது அவற்றை மிதிக்காமல் தள்ளி நிற்பார். தனியாக இருக்கிற மனிதன் செய்கிற பைத்தியக்காரத்தனங்களை எல்லாம் எழுதினால் நன்றாக இருக்காது, இது ஒன்று போதும்.

இந்த நிலைமையில்தான் அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது. தேநீர்க் கடையில் அது, பேருந்தில் அது, சலூனில் அது. தாண்டுகல் பாட்டு என்பது தலைமுறைக்கு ஒன்று வரும்போலிருக்கிறது. அவர் இளவட்டமாக இருந்தபோது வானொலியில் ஒன்று வந்தது. அதில் பெண் நடுக்கல்லில் நின்றுகொண்டு கை கொடு என்று கேட்பாள். இதில் ஓடியே வந்துவிடுகிறாள். இரண்டையும் யோசித்துப் பார்த்த கல்லுக்காரருக்கு ஒன்று உறைத்தது. எந்தப் பாட்டிலும் கல் தாண்டி யாராவது வருகிறார்கள். ஒருத்தி கூடக் கல் தாண்டிப் போவதில்லை. போகிறவர்களை ஏற்றிவிட்டுத் திரும்பி நடப்பவனுக்கு ஒரு மெட்டு யாரும் போடவில்லை. அதை நெட்டையனிடம் சொன்னார். "அண்ணே, அதைப் போட்டா யாரு கேப்பா?" என்றான் அவன்.

பாட்டு பிரபலமானதும் அதற்கு ஆடிப் படம் பிடிக்க இளசுகள் ஆற்றுக்கு வரத் தொடங்கினார்கள். ஓடி வரத்தான் அவர்களுக்கு ஆசை. அவருடைய கற்களிலோ ஓட முடியாது, தத்தித் தத்தித்தான் வர முடியும். ஒரு பெண் விழுந்து மணிக்கட்டு பிசகிற்று. புதிதாக வந்திருந்த பொறியாளர் அம்மா நேரில் வந்து பார்த்தார். பொறுமையான பெண். "ஐயா, தண்ணியும் போகணும், ஆளும் போகணும். கொஞ்சம் தள்ளி வெச்சா ரெண்டுமே நடக்கும். நீங்களே யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினார். அவர் யோசிப்பதாகவே இல்லை. அன்று சாயங்காலம் போன் வந்தது. பேரன் பள்ளிக்கூடத்தில் சேர்ந்ததும் வந்துவிடுவேன் என்பது அரையடி கடைசியாகக் கொடுத்திருந்த வாக்கு. பேரன் சேர்ந்துவிட்டான். அவர் அதற்காகவே காத்திருந்தார், வீட்டுக்கு வெள்ளைகூட அடித்திருந்தார்.

"சேர்ந்துட்டான்," என்றாள் அவள். "ஆனா மதியமே விட்டுடறாங்க. கூட்டிட்டு வர ஆளில்லை. இன்னும் ஒரு வருஷம் போகட்டும்னு பாப்பா சொல்றா. நீங்க சமாளிச்சுக்குவீங்க இல்ல?"

இந்த இடத்தில் உலகத்தில் எந்த மனிதனும் வேறு ஏதாவது சொல்லியிருப்பான்.

"எனக்கென்ன," என்றார் கல்லுக்காரர்.

"சரி, வைக்கிறேன்," என்றாள்.

மறுநாள் காலை முதல் வேலையாகப் பொறியாளர் அம்மாவிடம் போய், "தள்ளியே வெச்சிடலாம்மா," என்றார். நெட்டையனுக்கு நம்ப முடியவில்லை. இருவரும் இன்னும் சிலருமாக ஒரு வாரத்தில் வேலையை முடித்தார்கள். பாதிக் கற்கள் யார்டுக்குப் போயின. அளவுக்கு நெட்டையனையே நடக்கவிட்டார். குச்சியைக் கதவுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடிக்கயிற்றுக்கு முட்டுக் கொடுத்தார். எரிக்கத்தான் நினைத்தார், மனசு வரவில்லை. கோபம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்ததற்குள் அழுகைதான் இருந்தது.

கற்கள் தள்ளிப் போனதும் ஊருக்குக் கொண்டாட்டம். தண்ணீர் சலசலவென்று ஓடிற்று. இளசுகள் பாட்டில் வருவது மாதிரியே ஓடினார்கள், படம் பிடித்தார்கள், உலகத்துக்கெல்லாம் அனுப்பினார்கள். அரையடியிடமிருந்து வழக்கம்போல் போன் வந்தது. கல்லைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. பிறகு ஒருநாள் போன் வரவில்லை. தேநீர் ஆறிப்போகும் வரை சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தானாகக் கூப்பிட அவருடைய ரோசம் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த நாள் காலை யார்டில் சாக்கடை மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது நெட்டையன் ஆற்றங்கரையிலிருந்து போனில் கூப்பிட்டான். "அண்ணே, அந்தக் கரையில ஒரு அம்மா முதல் கல்லு மேல பையை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஆளுங்க போக வழி விட மாட்டேங்கறாங்க. படம் புடிக்க வந்த பசங்க கெஞ்சறாங்க. எழுந்திரிங்கன்னா, கல்லு வெச்ச ஆளை வரச் சொல்லுன்னு அதட்டறாங்க."

கல்லுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு கால் மட்டும் ஓடியது. ஆற்றங்கரைக்கு வந்தவர், இளசுகள் போலத் தாவித் தாவி அந்தக் கரைக்குப் போய்ச் சேர்ந்தார். தாண்டுகல்லில் ஓடக்கூடாது என்பது அப்போது அவருக்கு நினைவில் இல்லை.

அவள் எழுந்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தாள். முடி அதிகமாக நரைத்திருந்தது. போனில் குரலுக்கு வயதாவதில்லை, அதனால் அவருக்கு இது தெரியாமல் போயிற்று.

"வர்றேன்னு சொல்லவே இல்லையே," என்றார்.

"நீங்க கல்லைத் தள்ளி வைக்கிறேன்னு சொன்னீங்களா?"

"உனக்கு யாரு சொன்னா?"

"பேத்தி போன்ல பாட்டு பார்த்துக்கிட்டிருந்தா. ஒருத்தி நம்ம கல்லு மேல ஓடறா. எப்படி ஓட முடியும்னு பார்த்தேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்." அவள் பையை மடிமேல் இழுத்துக்கொண்டாள். "நான் வரவே மாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

பொறியாளர் அம்மா சொன்னார், குப்பை அடைத்தது, ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டு பிசகிற்று. சொல்ல எத்தனையோ இருந்தது, எல்லாம் உண்மையும்கூட.

"எனக்கென்னன்னு சொன்னேன் இல்ல," என்றார் அவர். "அது பொய். நீ இல்லாம என்னால முடியலை. வந்துடுன்னு சொல்லத் தெரியாம கல்லை எடுத்துட்டேன்."

இதைச் சொல்ல அவருக்கு இத்தனை வருஷம் ஆயிற்று. பின்னால் நின்ற பெண் ஒருத்தி, "தாத்தா, கொஞ்சம் ஓரமா நில்லுங்களேன், படத்துல விழறீங்க," என்றாள். இருவரும் ஓரமாகப் போனார்கள். அரையடி முழங்காலில் கையை ஊன்றித்தான் எழுந்தாள். ஈர மணலில் அவள் நாலு எட்டு நடந்ததை அவர் பின்னாலிருந்து பார்த்தார். தடங்களைப் பார்த்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே அந்தக் குச்சியில் வெட்டிய அளவு இல்லை. பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும். சமையலறையில் நடந்தவள் ஒரு சின்னப் பெண். அவளுக்காகத்தான் இத்தனை நாள் ஊரோடு சண்டை போட்டிருக்கிறார். பழைய கற்களை அப்படியே விட்டு வைத்திருந்தாலும் இவள் தனியாகக் கடந்திருக்க முடியாது.

"முட்டி எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளா. போன்ல சொல்லி என்ன ஆகப்போகுதுன்னு விட்டுட்டேன்."

"வண்டி புடிச்சுப் பாலம் வழியா வந்திருக்கலாம் இல்ல?"

"வந்திருக்கலாம்," என்றாள்.

"பாப்பா என்ன சொன்னா?"

"உங்கப்பா கல்லைத் தப்பா வெச்சுட்டாரு, போய் சரி பண்ணிட்டு வர்றேன்னு சொன்னேன். அது வரைக்கும் பக்கத்து வீட்டுல பார்த்துக்குவாங்க."

அவர் அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். செருப்பைக் கழற்றி இடுக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். முதல் கல்லுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் நின்று தோளைக் காட்டினார். அவள் கல்லின் மேல் ஏறி நின்று அந்தத் தோளைப் பிடித்தாள்.

"சரி பண்ண எவ்ளோ நாளாகும்?"

கல்லுக்காரர் கற்களைப் பார்த்தார். பொறியாளர் அம்மாவிடம் சொல்லிவிட்டு, இடையில் சின்னக் கற்களாகப் போட்டால் தண்ணீரும் போகும், இவளும் போவாள். நெட்டையன் கூட நின்றால் ஒரு வாரம்.

"சொல்ல முடியாது," என்றார். "தண்ணி இறங்கணும்."

அவள் குனிந்து பார்த்தாள். தண்ணீர் அவருடைய கணுக்காலைக்கூட முழுசாக மூடவில்லை.

"என்ஜினியரம்மாவைக் கேக்கணும்," என்று அவர் தொடர்ந்தார். "அவங்க மேல கேக்கணும். நல்ல கல்லா வரணும், லேசுல கிடைக்காது. அப்புறம் உன் நடையை அளக்கணும். முட்டி வலின்னா காலையில ஒரு நடை இருக்கும், சாயங்காலம் ஒரு நடை இருக்கும். ஒருநாள்ல அளந்துட முடியாது."

"அவ்ளோ இருக்கா?"

"இருக்கு," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தோளின் மேல் அவள் கை அழுந்தியது.

"அப்போ மெதுவாவே வைங்க," என்று சொல்லிவிட்டு, கீழே பார்க்காமல் அடுத்த கல்லுக்குக் காலை எடுத்து வைத்தாள்.